நாசரேத்துத் தச்சுப் பட்டறை



கிறிஸ்து பிறப்பு விழாவில் மாட்டுத் தொழுவத்தையும் விண்மீனையும் இடையர்களையும் நினைந்து மகிழ்கிறோம். தொழுவத்துக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளையோ நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. கடவுள் மனிதரானார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. அம்மனித வாழ்வின் பெரும்பகுதி எவ்வாறு கழிந்தது?

சுவிசேஷங்கள் ஏறக்குறைய மௌனமாக இருக்கின்றன. பன்னிரண்டாம் வயதில் எருசலேம் ஆலயத்தில் நிகழ்ந்த ஒன்றை லூக்கா கூறுகிறார். அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது வயது வரை நிகழ்ச்சி எதுவும் இல்லை. இம்மௌனத்தைப் பொறுக்க இயலாத பிற்காலத்தவர் கதைகள் புனைந்தனர். சூசையப்பர் செய்த கட்டிலுக்கு மரம் ஒன்று குறுகிப் போயிற்றாம். சிறுவர் இயேசு அதைக் கையால் இழுத்து நீளமாக்கினாராம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் திருச்சபை அந்நூல்களை வேதத்தில் சேர்க்கவில்லை. நமக்கோ, அளவு தவறிய மரத்தை ஒதுக்கிவிட்டு வேறு மரம் தேடிய பட்டறையே மெய்யாகத் தோன்றுகிறது.

இதற்கு மாற்கு ஒரு சான்று தருகிறார். இயேசு பெருமான் சொந்த ஊரின் ஜெப ஆலயத்தில் போதித்தபோது, கேட்டவர்கள் முதலில் வியந்தனர். பிறகு, நம் ஊர்த் தச்சன்தானே இவன் என்று முகஞ்சுளித்தனர். அவர் தம்மிடையே வளர்ந்ததைக் கண்டவர்கள் அவர்கள். தங்கள் வீட்டுக் கதவைச் செப்பனிட அவரை அழைத்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். அவர்கள் கண்ணுக்குப் புதுமை எதுவும் புலப்படவில்லை! அவ்வளவு முழுமையாக அவர் அவ்வூர் வாழ்வில் கலந்திருந்தார்.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு நெருக்கமான செய்தி இன்னொன்றும் உண்டு. ஏரோதுக்கு அஞ்சி அக்குடும்பம் எகிப்தில் அடைக்கலம் புகுந்தது. திரும்பியபோதும் யூதேயாவில் தங்க அஞ்சிக் கலிலேயாவுக்குப் போயிற்று. கலிலேயர் பேச்சுக்குத் தனிச் சாயல் இருந்தது. எருசலேமில் அருகே நின்றவர்கள் பேதுருவை அதைக் கொண்டே அடையாளம் கண்டனர். மும்பைக் கடைத்தெருவில் வாய் திறந்தவுடன் 'மதராசி' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பிழைப்புக்காக வெளியூரில் கழித்த ஆண்டுகளை, கடவுளுக்கு உதவாத ஆண்டுகள் என்று சிலர் நொந்து கூறக் கேட்டிருக்கிறோம். மாலையில் களைத்து வீடு திரும்பும்போது நமக்கும் அவ்வெண்ணம் எழாமல் இல்லை. ஆனால் இயேசு பெருமான் போதகராகத் திரிந்தது சில ஆண்டுகளே. எஞ்சிய காலமெல்லாம் வீடும் உழைப்பும்தாம். அக்காலத்தை வீண் என்று கூற நமக்குத் துணிவு வருமா?

நம் மொழியில் இதை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணியின் காவியத் தலைவர் முடிசூடிய மன்னர் அல்லர்; அப்பட்டறைக்கு உரிய சூசையப்பர். இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த முனிவரும் அயலூர்க்காரர்தாமே!

உயிர்த்தெழுந்த பின்னரும் இப்பெருமான் பழைய பழக்கத்தை விடவில்லை. திபேரியாக் கடலில் சீடர்கள் இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு இருந்தனர். விடியற்காலையில் அவர் சொற்படி வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் அகப்பட்டன. மீனவர் அல்லவா, எண்ணாமல் விடுவார்களா? அவர்கள் கரையேறியபோது அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது. அருகே அப்பமும் இருந்தது. களைத்து வந்தவர்களை அவர் உண்ண அழைத்தார்.