நாள்காட்டியில் பென்சில் கோடு

இன்று செவிலியர் பட்டம் வாங்குகிறவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களே, அறிமுகத்தில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். 30 வருஷத்துக்கு மேல் மகளிர் மருத்துவம் பார்த்தவள், அவ்வளவுதான்.

இந்தக் கரியமாணிக்கத்துக்கு வரும் வழியில் கரும்பைப் பார்த்ததும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். கரும்பு வெட்டப் போகிற குடும்பம், வயது 19. மாதவிலக்கு வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள்; கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ‘நார்மல்’. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நானும் வலி மாத்திரை எழுதி அனுப்பினேன். ஊசி போட அழைத்துப்போன செவிலியர்தான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்: “அந்த நாள்ல வெளிக்குப் போறப்பவும் வலிக்குதா பாப்பா?”

பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா மஞ்சப்பையிலிருந்து மாதக் காலண்டர் தாள்களை எடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆனால், மகளுக்கு வலித்த நாளிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வலி கூடினால் கோடும் நீளும். மொத்தம் 14 மாதம். செவிலியர் அவற்றைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார், ஒன்றும் பேசவில்லை. விலக்குக்கு இரண்டு நாள் முன்பே கோடுகள் தொடங்கியிருந்தன.

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்வரிச் சவ்வு போன்ற திசு சினைப்பையிலும் குடல்மேலும் வயிற்றின் உட்சவ்விலும் வளர்வது. மாதாமாதம் ஹார்மோனுக்கு அதுவும் ஆடும். கசியும் ரத்தம் வெளியேற வழியில்லை. அழற்சி, தழும்பு, கடைசியில் உறுப்புகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் ‘சாக்லேட் கட்டி’. அது ஸ்கேனில் தெரியும். சவ்வில் படிந்த மெல்லிய திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. அதனால் ‘நார்மல்’ என்ற தாளை நம்பி வலியைச் சந்தேகிக்காதீர்கள்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பந்தலிலேயே எண்ணிப் பாருங்கள். சென்னையில் பிறந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பத்மா லக்ஷ்மிக்கு நோயின் பெயர் தெரிந்தபோது வயது 36. பிறகு 2009இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இதற்கென்றே அறக்கட்டளை தொடங்கினார். நியூயார்க்கில் அவருக்கே அத்தனை வருஷமென்றால், இங்கே மடுகரையிலும் நெட்டப்பாக்கத்திலும்?

நம் ஊரில் இதற்கு ஒரு மருந்துச்சீட்டு உண்டு: “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” நான் படித்த காலத்தில் விடுதியில் என் பக்கத்துக் கட்டில் தோழிக்கு வார்டனம்மா சொன்னதும் இதுதான். அவள் வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு உடற்கூறு செய்முறைத் தேர்வு எழுதினாள். வேடிக்கை என்னவென்றால், மருத்துவமும் ஒரு காலத்தில் அந்த வழியில்தான் போனது. 1950களின் கடைசியில் ராபர்ட் கிஸ்ட்னர் என்பவர் ஹார்மோன் மாத்திரைகளால் பொய்க் கர்ப்ப நிலையை உண்டாக்கி விலக்கை நிறுத்தினார். அடுத்து டனசோல் மாத்திரை வந்தது; வலி குறையும், ஆனால் மீசை அரும்பும், குரல் கட்டையாகும். என் தோழிக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அவள் பாடுவாள். மாத்திரையை எறிந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது; இன்றைக்கு வராது.

இப்போது வேறு வழிகள் உண்டு. டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினம் ஒன்று, இடைவெளி விடாமல். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையம் என மற்றவையும் இருக்கின்றன. சினைப்பையைத் தூங்கவைக்கும் ஊசியைத் தொடர்ந்து போட்டால் எலும்பு தேயும் என்பதால் கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும். வயிற்றில் துளையிட்டுப் பார்த்தபின்தான் மருந்து என்ற கட்டாயமும் இல்லை. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஹார்மோன் மருந்து நோயை அடக்கிவைக்கும், வேரோடு பிடுங்காது. நிறுத்தினால் வலி திரும்பலாம். குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு இந்த மருந்து சரிவராது.

அந்தப் பெண்ணுக்கு டைனோஜெஸ்ட் கொடுத்தோம். நாலாம் மாதம் அம்மா பதறிக்கொண்டு வந்தார்: “விலக்கே வரலியே, கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடாதா?” நான் ஹார்மோன் வகுப்பெடுக்க வாயெடுத்தேன். செவிலியர் முந்திக்கொண்டார்: “நாத்தே நடலயேம்மா, அறுப்பு எங்கேர்ந்து வரும்?” அம்மா சிரித்துவிட்டார்.

அவரிடம் கேட்டு வாங்கிய தாள் ஒன்று இன்று என் பையில் இருக்கிறது. மருந்து தொடங்கியபின் போட்டது. கோடுகள் குட்டையாகியிருக்கும், லேசாக ரத்தம் பட்ட நாட்களுக்கு அவராகவே புள்ளி வைத்திருக்கிறார். பட்டம் வாங்கிக்கொண்டு இறங்கும்போது இந்த மேசைமேல் இருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள்.