புறச்சூழலும் தொழில்வாழ்வும்



எந்தத் தொழிலகமும் தன் நான்கு சுவர்களுக்குள் மட்டும் வாழ்வதன்று. விதை நல்லதாயினும், மண்ணும் மழையும் ஒத்துவராவிடின் பயிர் கருகும். வணிகமும் அத்தகையதே. இதற்குத் திருப்பூரே போதிய சான்று.

அங்குப் பின்னலாடை செய்வோர் எத்துணைத் திறவோராயினும், அவர்தம் கணக்கேட்டில் பிறர் கைகளும் எழுதுகின்றன. 2022ஆம் ஆண்டில் பஞ்சுவிலை உயர, நூல்விலையும் உயர்ந்தது. முன்னரே விலைபேசி ஒப்புக்கொண்டோர் திணறினர். 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஆடை ஏற்றுமதிக்கிருந்த பன்னாட்டு அளவுக்கட்டுப்பாடு நீங்கிற்று. வாயில் திறந்தது, அவ்வாயில் வழியே போட்டியும் புகுந்தது. 2025ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி சுமத்திற்று. கையெழுத்திட்டவர் கடலுக்கப்பால்; கலங்கியவரோ இங்குத் தையற்பொறிமுன் அமர்ந்திருந்த கூலியாளர்!

இவை வெளியிலிருந்து வந்த இடர்கள். ஆனால், தாமே விதைத்துத் தாமே அறுத்த இடர் ஒன்றும் உண்டு. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலாற்றில் ஆண்டுக்கணக்கில் கலந்தது. வேளாண்மைக்கென 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன; வயல்கள் பாழ்பட்டன. உழவர் வழக்கு மன்றேறியது. ஒரு துளிக் கழிவும் வெளியேறக் கூடாதென 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்முறைமன்றம் வலியுறுத்தியது. அது நிறைவேறாமையால் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாயத் தொழிலகங்களை மூடுமாறு ஆணையிட்டது. துணிகள் சாயமேற்ற வெளியூர்களுக்குச் சென்றன. வேலையிழந்த தொழிலாளரும் ஊர்விட்டு ஊர் சென்றனர்.

இங்கே நாம் உணர வேண்டுவது யாது? ஒரு தொழிலுக்கு உழவனும் ஆறும் புறச்சூழல் எனில், உழவனுக்கு அத்தொழிலே புறச்சூழல்! பிறர் வாழ்வைக் கெடுக்கும் தொழில், தான் நிற்கும் நிலத்தையே தோண்டுகின்றது. பின்னர்க் கழிவுநீரை முழுதும் தூய்மைசெய்து மீண்டும் பயன்கொள்ளும் பொறிகளை நிறுவியே பட்டறைகள் உயிர்த்தெழுந்தன. செலவு மிகுதிதான்; எனினும், முன்பு அச்செலவை உழவனன்றோ சுமந்தான்?

எனவே, தொழில்முனையும் இளையோரே! ஒரே நாட்டுச் சந்தையை நம்பி முழுமுதலையும் இடாதீர்கள். நூலின் விலையை நாளும் நோக்குங்கள். அயல்நாட்டு வரியையும் நோக்குங்கள். அவற்றினும் முன்னதாக, உங்கள் தொழிலகத்தின் பின்புறம் ஓடும் வாய்க்காலை நோக்குங்கள். வரியைத் தடுக்க உங்களால் இயலாது. வாய்க்காலைக் காக்க இயலும். இயல்வதைச் செய்யாதார்க்கு, இயலாததைப் பழிக்கும் உரிமை இல்லை.