முடிவிலிருந்து தொடங்கிய ஆலை: சேலம் உருக்காலையின் வரலாறும் புதுப்பிப்பும்



இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் நம்மிடம் அறக்கட்டளைகள் பல உண்டு. உருட்டாலையில் உழைத்த ஒருவரின் நினைவாக அவர் பிள்ளைகள் இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தி, ஆண்டுதோறும் ஒரு தொழிலைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அவர் உழைத்த தொழிலையே எடுத்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதி, சேலம் உருக்காலையையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உருக்காலை என்றால் தாதுவில் தொடங்கி, உலைக்குப் போய், பாளமாகி, தகடாகி வெளியே வரும். பிலாயும் ரூர்கேலாவும் அந்த வரிசையில்தான் எழுந்தன. சேலத்தில் கடைசி வேலை முதலில் வந்தது, முதல் வேலை கடைசியில் வந்தது. மாடியை முதலில் கட்டிவிட்டு, முப்பது ஆண்டு கழித்து அடித்தளம் போட்ட வீடு என்று அதைச் சொல்லலாம். இந்த ஆலையின் பெருமைக்கும் நட்டத்துக்கும் வேர் இந்தத் தலைகீழ் வரிசையில் இருக்கிறது.

1. மலை இருந்தது, கரி இல்லை

சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை. அதன் அடிவாரத்துச் சித்தர் கோவிலுக்கு அமாவாசை தோறும் மக்கள் திரள்வதை இங்குள்ளோர் அறிவீர்கள். அந்த மலையின் உடம்பெங்கும் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது வரிவரியாக ஓடுகிறது. கொங்கு நாட்டில் இரும்புத் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டு வயது. சென்னிமலைக்கு அருகே கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கியதற்கும் எஃகு செய்ததற்கும் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

பெரிய அளவில் முதலில் முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த அவர், 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே போனது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. காடு குறையக் குறையக் கரியின் தொலைவும் விலையும் ஏறின. இங்கிலாந்தில் நிலக்கரிக் கோக்கில் உருக்கிய மலிவு இரும்போடு அதனால் போட்டியிட முடியவில்லை. ஹீத் 1839-இல் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையில் பெரும் லாபம் பார்த்தார்கள். கண்டுபிடித்தவரோ வழக்கு மன்றங்களில் அலைந்து, கையில் காசில்லாமல் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கலைந்தது.

ஹீத்தை வீழ்த்திய இரண்டு தடைகள் சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தன. கஞ்சமலைத் தாதுவில் இரும்பு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். ஒடிசாவிலும் பைலடிலாவிலும் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ள தாது கிடைக்கும்போது, இதை மாவாக அரைத்துக் காந்தத்தால் பிரித்தெடுத்து உலைக்குத் தயார் செய்ய வேண்டும். இரண்டாவது தடை, கோக் ஆகும் நிலக்கரி தமிழகத்தில் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டத் தொடங்கியதும் அதைச் சேலத்துத் தாதுவோடு சேர்த்து உருக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆய்வுகளும் நடந்தன. ஆனால் பழுப்பு நிலக்கரி பெரிய ஊது உலைக்கு ஏற்ற கோக்காக மாறாது. திட்டம் கோப்புகளிலேயே நின்றது.

2. மூன்று அடிக்கற்கள்

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, அந்த ஆண்டே சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் வேண்டும் என்று 'எழுச்சி நாள்' கடைப்பிடிக்கச் செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் விசாகப்பட்டினத்துக்கு உருக்காலை கேட்டு ஆந்திரம் கொந்தளித்தது, உயிர்களும் போயின. 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் சேலம், விசாகப்பட்டினம், ஹோஸ்பேட் மூன்றையும் ஒன்றாக அறிவித்தார். செப்டம்பரில் சேலத்தில் அடிக்கல் நாட்டினார். அப்போது அண்ணா இல்லை, கலைஞர் முதலமைச்சர்.

இந்த மூன்று கற்களும் மூன்று வழியில் போயின. விசாகப்பட்டினத்தில் கடலோரமாக ஊது உலையோடு முழு ஆலை எழுந்தது. அதற்கும் இருபது ஆண்டு பிடித்தது. ஹோஸ்பேட்டில் அரசு ஆலை வரவே இல்லை; பின்னாளில் அந்தப் பகுதியில் தனியார் ஆலைதான் வந்தது. சேலத்துக்குக் கிடைத்தது வேறொன்று. 1972-இல் தனி நிறுவனம் பதிவாகி, 1978-இல் இந்திய உருக்கு ஆணையமான செயிலுடன் இணைந்தது. கட்டுமானம் நடந்தபோது திட்டம் சுருங்கி, துருப்பிடிக்காத எஃகை, நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் உலோகத்தை, தகடாக உருட்டும் ஆலையாக முடிவானது.

இந்தக் கட்டத்தில் ஒருவரை நினைக்காமல் போகக் கூடாது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம், 1971 முதல் மத்திய உருக்குத் துறை அமைச்சராக இருந்தார். அரசு உருக்காலைகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவர 1973 தொடக்கத்தில் செயில் உருவானதில் அவர் பங்கு பெரிது. அதே ஆண்டு மே மாதம் விமான விபத்தில் மறைந்தார். உருக்காலைக் குடியிருப்பு இன்றும் மோகன் நகர்தான்.

3. உருட்டலில் தொடங்கி உருக்கலுக்கு

1981 செப்டம்பரில் ஆலை ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 32,000 டன் குளிர் உருட்டல் மட்டுமே அதன் வேலை. வெளியிலிருந்து சுருளாக வந்த எஃகை இங்கே மெல்லிய தகடாக்கினார்கள். அதற்குப் பயன்பட்ட செண்ட்சிமிர் உருட்டியில் இருபது உருளைகள். தகட்டைத் தொடும் இரண்டும் மெலிந்தவை. அவை வளையாமல் இருக்க மற்றவை அடுக்கடுக்காகப் பின்னால் நின்று தாங்கும். உருளை மெலிந்திருந்தால்தான் கடினமான எஃகை மெல்லிய தகடாக நசுக்க முடியும். உருட்ட உருட்ட எஃகு இறுகும். அதை உலையில் சூடாக்கித் தளர்த்தி, அமிலத்தில் முக்கிச் செதிளை நீக்கி, மறுபடி உருட்ட வேண்டும். தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் சரக்கு இரண்டாம் தரம் ஆகிவிடும்.

இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆலைக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் தந்த ஊர்களின் அடுத்த தலைமுறை அவர்கள். கண்ணாடிபோல் முகம் தெரியும் தகட்டை உருட்டக் கற்றுக்கொண்டார்கள். 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயருக்கு நாடெங்கும் கிடைத்த மதிப்பு அவர்கள் கைத்திறனால் வந்தது.

அதன் பிறகு ஆலை பின்னோக்கி வளர்ந்தது. 1991-இல் இரண்டாவது உருட்டி வந்து உற்பத்தி இரட்டிப்பானது. 1993-இல் நாணய வில்லைகள் வெட்டும் பிரிவு வந்தது. சில்லறை நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறிய காலம் அது. சேலத்தில் வெட்டிய வில்லைகள் அரசு நாணயச் சாலைகளுக்குப் போய், நம் சட்டைப் பைக்கே திரும்பி வந்தன. 1995-இல் வெப்ப உருட்டாலை.  இனிச் சுருளுக்காகக் காத்திருக்க வேண்டாம், பாளம் வந்தால் போதும் என்ற நிலை. அந்தப் பாளத்துக்குத் துர்காபூர் அலாய் ஸ்டீல்ஸ் ஆலையின் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. 2010-இல்தான் ஆண்டுக்கு 1,80,000 டன் உருக்கும் கூடம் இங்கேயே வந்தது.

அந்தக் கூடத்தில் நடப்பதை மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். மின்வில் உலையில் பழைய இரும்பையும் ஃபெரோகுரோமையும் உருக்குவார்கள். உருகலில் கரிமம் (கார்பன்) மிகுந்திருக்கும். அதை எரிக்க ஆக்சிஜனை மட்டும் ஊதினால், விலையுயர்ந்த குரோமியமும் எரிந்து கசடாகிவிடும். ஆக்சிஜனோடு ஆர்கான் வாயுவைக் கலந்து ஊதினால், உருகலுக்குள் கார்பன் மோனாக்சைடின் அழுத்தம் குறையும். கரிமம் வெளியேறும், குரோமியம் தங்கும். இந்த முறை உலகில் முதன்முதலாகத் தொழிற்சாலையில் ஓடியது 1968-இல். சேலத்தில் அடிக்கல் நாட்டியபோது இரண்டே வயதான தொழில்நுட்பம், நாற்பது ஆண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்தது.

4. புதுப்பிப்பின் விலை

ஒவ்வொரு விரிவாக்கமும் ஒரு சார்பை அறுத்தது, இன்னொரு சார்பைக் கொண்டுவந்தது. சுருளுக்குக் கையேந்திய ஆலை பாளத்துக்குக் கையேந்தியது. உருக்கும் கூடம் வந்தபின் பழைய இரும்புக்கும், நிக்கலுக்கும், மின்சாரத்துக்கும் கையேந்துகிறது. பாத்திரத் தகடாகப் பரவலாகப் பயன்படும் 304 வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. குரோமியத் தாதுவுக்கு ஒடிசாவின் சுகிந்தா இருக்கிறது. நிக்கலுக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும்; அதன் விலை லண்டன் சந்தையில் ஏறி இறங்கும்போதெல்லாம் சேலத்தின் கணக்கும் ஏறி இறங்கும்.

கடன் வாங்கிக் கட்டிய கூடத்துக்கு வட்டியும் தேய்மானமும் ஓடத் தொடங்கிய வேளையில், மலிவான இறக்குமதித் தகடு சந்தையில் குவிந்தது. நாட்டுக்குள்ளேயே பெரிய தனியார் ஆலைகளும் வளர்ந்திருந்தன. பல ஆண்டுகள் நட்டம். 2016-இல் மத்திய அமைச்சரவை சேலம், துர்காபூர் அலாய், பத்ராவதி ஆகிய மூன்று ஆலைகளையும் விற்பதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2019-இல் வாங்க விரும்புவோரிடம் விருப்பம் கேட்டார்கள். தொழிலாளர்கள் எல்லாச் சங்கக் கொடிகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போராடினார்கள்.

விற்கச் சொன்னவர்கள் நட்டக் கணக்கைக் காட்டினார்கள். விற்காதே என்றவர்கள் நிலம் தந்த கதையைச் சொன்னார்கள். இரண்டும் உண்மை. ஆனால் நட்டம் எங்கே பிறந்தது என்று இரு தரப்பும் போதுமான அளவு கேட்கவில்லை. முப்பது ஆண்டு தாமதமாக வந்த உருக்குக் கூடத்தின் முழுச் சுமையையும் ஒரே தலைமுறைக் கணக்கில் ஏற்றிவிட்டு, அதைத் தொழிலாளியின் திறமைக் குறைவு என்று பேசுவது நியாயம் ஆகாது.

அந்தத் திறமைக்கு 2020-இல் ஒரு சான்று கிடைத்தது. இஸ்ரோவின் கிரையோஜெனிக் எஞ்சின் பாகங்களுக்கு அதுவரை இறக்குமதி செய்துவந்த ஒரு தனி வகை எஃகுத் தகட்டை, இஸ்ரோவோடு சேர்ந்து இந்த ஆலை உருட்டிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, கொரோனா இரண்டாம் அலையில், ஆலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் எழுந்தது. லாப நட்டக் கணக்கில் ஏறாத பயன்களும் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

5. இனிக் கேட்க வேண்டியது

அரை நூற்றாண்டாக நம் கோரிக்கை 'மலை எங்களுடையது, ஆகவே ஆலையும் எங்களுக்கு' என்ற அடித்தளத்தில் நின்றது. அந்த வாதத்தில் ஆலை கிடைத்தது. ஆனால் கஞ்சமலைத் தாதுவை நம்பி அதன் உற்பத்தி ஒருநாளும் நடக்கவில்லை. இரண்டாயிரங்களில் மலையை வெட்டும் திட்டம் வந்தபோது அதே வட்டார மக்களே எதிர்த்தார்கள். அவர்கள் முரண்படவில்லை. மலை வேறு, ஆலை வேறு என்பதை அனுபவத்தில் உணர்ந்திருந்தார்கள்.

தலைகீழாகக் கட்டியதால் இந்த ஆலைக்கு ஊது உலை இல்லை. அதை நெடுநாள் குறையாகப் பேசினோம். இன்று கணக்கு மாறிவிட்டது. எஃகின் பின்னால் எவ்வளவு கரிமப் புகை வந்தது என்று எண்ணி, இறக்குமதிக்கு அதற்கேற்ற விலை வைக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்துவிட்டது. ஊது உலை ஆலைகள் கோடிகளைக் கொட்டித் தங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் சேலம் அந்தப் பாதையில் ஏற்கெனவே பாதித் தூரத்தில் நிற்கிறது. மீதிப் பாதித் தூரத்துக்கு மூன்று தேவை.

ஒன்று, மின்சாரம். தமிழகத்தின் காற்றாலை, சூரிய மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் இந்த உலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு, பழைய எஃகு. பால் பண்ணை, ஜவ்வரிசி ஆலை, சாயப்பட்டறை, பாத்திரப் பட்டறை என்று எவர்சில்வர் கழிவு நம் வட்டாரத்திலேயே சேர்கிறது. அதை வகை பிரித்துச் சேகரிக்கும் சிறு தொழில்களை ஆலையைச் சுற்றி வளர்த்தால், நிக்கலின் ஒரு பங்கு கழிவோடு கழிவாக நமக்கே திரும்பும். மூன்று, சரக்கு. எல்லாரும் உருட்டும் பாத்திரத் தகட்டில் விலைப் போட்டிக்கு நின்றால் தோற்போம். நிக்கல் தேவைப்படாத வகைகள், ரயில் பெட்டிக்கான தகடுகள், விண்வெளிக்கான தனி வகைகள் என்று கைத்திறன் விலை போகும் இடத்துக்கு நகர வேண்டும். பெரம்பூரில் கட்டப்படும் எல்.எச்.பி. வகை ரயில் பெட்டிகளின் கூடு துருப்பிடிக்காத எஃகு என்பதை இங்கே சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த மூன்றும் நடக்கச் செயிலுக்கு முதலீட்டு மனம் வேண்டும். மாநில அரசுக்கு மின் கட்டணத்தில் பிடிவாதம் தளர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் நிரந்தரப் பயிற்சி வேண்டும். மூத்த உருட்டாளர்கள் ஓய்வு பெறும் வேகத்தில் அவர்களின் கைத்திறனும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. புது இயந்திரத்தை ஏலத்தில் வாங்கிவிடலாம். நாற்பது ஆண்டில் சேர்ந்த கைத்திறனை வாங்க எந்தச் சந்தையும் இல்லை. ஆகவே அடுத்த விரிவாக்க அறிக்கையின் முதல் பக்கத்தில் டன் கணக்கு வருவதற்கு முன், எத்தனை பேருக்கு என்ன வேலை கற்றுத் தரப்போகிறோம் என்ற கணக்கு வர வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நிலம் தந்த ஊர்களுக்கும், உழைத்த குடும்பங்களுக்கும், இந்த அவைக்கும் உண்டு.