முதியோர் பேச்சைப் பதிந்து வைத்தல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்கத்தாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு பழையது. 1902-ஆம் ஆண்டில் கௌஹர் ஜானின் பாட்டு இந்நகரில்தான் இசைத்தட்டுக்கெனப் பதியப்பெற்றது. பாட்டு மட்டுமன்று, பேச்சும் தட்டில் ஏறியது. கிரியர்ஸன் துரையின் இந்திய மொழி ஆய்வினையொட்டிப் பல மொழியினரையும் பேசச்செய்து பதிந்தனர். தமிழும் அவற்றுள் உண்டு. பின்னர் ஆர்னால்டு பேக் என்னும் டச்சுக்காரர், 1931 முதல் சாந்திநிகேதனத்தில் தங்கி, மெழுகு உருளைகளில் வங்கத்துப் பாடல்களைப் பதிந்தார். ஓர் உருளையில் சில நிமிடங்களே அடங்கும். அத்துணைத் தொல்லையை அவர் ஏற்றமையால் அக்குரல்கள் இன்றும் நமக்குக் கேட்கின்றன.

லேக் மார்க்கெட்டுப் பக்கமிருந்து சால்ட் லேக்கில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், அந்நாளைய வாழ்வைச் சொல்லவல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். கும்பகோணத்துப் பேச்சில் வங்காளச் சொல் இழையும் அவர்தம் தமிழை எந்நூலிலும் காண்பதற்கில்லை. ஆராய்ச்சி மாணவர் எவரேனும் வரட்டும் என்று நாம் காத்திருத்தல் தகாது.

கருவி எது என்று கேட்பீர்கள். கையடக்கமான டிஜிட்டல் ரெக்கார்டர் நன்று. கைப்பேசியும் ஆகும், சட்டையில் குத்தும் சிறு மைக்கை அதனுடன் இணைத்து, அழைப்பு வாராதபடி விமானப் பயண நிலையில் வைத்தால். விலையுயர்ந்த கருவியை எட்ட வைப்பதினும், எளிய மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைப்பதே மேல். மின்விசிறியின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். வைகாசியில் விசிறியை நிறுத்திப் பாட்டியை வியர்க்கவைப்பது பாவம். ஆதலின் மார்கழி, தை மாதங்களே உகந்தவை. பூஜை நாட்களில், தாக் முழக்கத்தினிடையே, இம்முயற்சியே வேண்டா! ஒலிமானியின் உச்சம் −12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். எல்லை மீறிச் சிதைந்த ஒலியைச் செப்பனிடுதல் அரிது.

இனி, கோப்பின் வடிவம். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதும் ‘வேவ்’ வடிவத்தையே கொள்க. பழைய நாடாக்களை டிஜிட்டலாக மாற்றுவதற்கு ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் வகுத்த குறைந்த அளவும் இதுவே. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 520 மெகாபைட் கொள்ளும். 32 ஜிகாபைட் கார்டில் 60 மணி நேரம் அடங்கும். 128 கிலோபிட் எம்.பி.3 ஆயின் 58 மெகாபைட்டே. ஆனால் அச்சிக்கனம், காதுக்குப் புலப்படாது என்று கணக்கிட்ட ஒலிகளைக் கழித்துப் பெற்றது. கழித்தவை பின்னர் வேவாக மாற்றினாலும் மீளா. இடம் போதாதெனில் ‘ஃபிளாக்’ உண்டு. அது எதனையும் இழவாமல் சுருக்குவது. பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப எம்.பி.3 படி ஒன்று தனியே எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸாப் குரற்செய்தியே மூலப்பதிவு என்று இருந்துவிடலாகாது.

ரயில்வே அலுவலகத்தில் ஒரு தாளுக்கு மூன்று படி எடுப்பதை நாம் நகைப்பதுண்டு. இங்கு அம்மூன்றும் வேண்டும்: கணிப்பொறியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேற்றூர் உறவினரிடம் ஒன்று.

பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்க. யார் யார் கேட்கலாம் என்பதனையும் அவரையே கேட்டறிக. “நான் இருக்கிற வரைக்கும் இதை யாருக்கும் போட்டுக் காட்டாதே” என்று பாட்டி கூறுவாராயின், அச்சொல்லையும் அதே பதிவில் பதிந்து, கோப்பின் பெயரிலும் குறித்துவைத்தல் வேண்டும்.