வெந்நீர் கேட்ட பெண்களும் ஒரு படமும்

(தொழிற்சங்கக் கூட்டமொன்றில், படக் காட்சிக்கு முன் நிகழ்த்திய பேச்சு)



இன்னும் சற்று நேரத்தில் நாம் பார்க்கப்போகும் படத்தின் பெயர் ‘பூமியின் உப்பு’. அமெரிக்கப் படம். 1954 மார்ச்சில் நியூயார்க்கில் வெளிவந்தபோது, அந்தப் பெரிய தேசம் முழுவதிலும் பத்துப் பதின்மூன்று கொட்டகைகளில்தான் இது காட்டப்பட்டது. படம் ஓடவில்லை என்பார்கள். ஓட விடவில்லை என்பதுதான் உண்மை.

இது கற்பனைக் கதை அல்ல. நியூ மெக்சிகோ மாநிலத்தில் எம்பயர் ஜிங்க் கம்பெனியின் துத்தநாகச் சுரங்கத்தில் 1950 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. தொழிலாளரில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சத்தவர். வெள்ளைத் தொழிலாளி வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர். இவர்கள் வீட்டுப் பெண்களோ விறகு பிளந்து காய்ச்ச வேண்டும்.

1951 ஜூனில் கோர்ட் தடையுத்தரவு வந்தது. சங்க உறுப்பினர்கள் மறியல் செய்யக்கூடாதாம்! அவர்களின் மனைவிமார் உறுப்பினர்கள் இல்லையே? அவர்கள் போய் நின்றார்கள். கண்ணீர்ப் புகை அடித்தார்கள். குழந்தைகளோடு சிறையில் தள்ளினார்கள். பெண்கள் நகரவில்லை. 1952 ஜனவரியில் ஒப்பந்தம் ஏற்படும் வரை, ஏழு மாதம் அந்த மறியலைக் காத்தவர்கள் அவர்களே.

இதைப் படமாக்கியவர்கள் யார்? ஹாலிவுட் முதலாளிகள் வேலை தராமல் கறுப்புப் பட்டியலில் போட்டவர்கள். டைரக்டர் ஹெர்பர்ட் பீபர்மன், பார்லிமெண்டுக் கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர். மைக்கேல் வில்சன் கதையை எழுதிச் சுரங்கத் தொழிலாளரிடமே படித்துக் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தினார். கதாநாயகனாக நடித்த ஹுவான் சாக்கோன் உண்மையிலேயே அந்தச் சங்கத்தின் தலைவர். கதாநாயகி ரொசாரா ரெவுல்டாசை, 1953-ல் படம் முடியுமுன்பே கைது செய்து மெக்சிகோவுக்குத் திருப்பியனுப்பினார்கள்.

பிலிம் கழுவ லாபரேட்டரிகள் மறுத்தன. கொட்டகை ஆபரேட்டர்கள் படத்தை ஓட்ட மறுத்தார்கள். அவர்களும் தொழிலாளிகள்தான், தோழர்களே! அவர்களுடைய சங்கத் தலைமையின் உத்தரவு அது. இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை.

படத்தில் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பெண்கள் மறியலில் நிற்க, ஆண்கள் வீட்டில் துணி துவைத்துக் கொடியில் போடுகிறார்கள். வெந்நீர்க் கோரிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியவர்கள் இவர்களே! விறகு சுமந்து, தண்ணீர் காய்ச்சி, இடுப்பு ஒடிந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று புரிகிறது. நாம் சிரிப்போம். சிரித்துக்கொண்டே நம் வீட்டு அடுப்படியையும் நினைக்க வேண்டியிருக்கும். நிஜத்திலும், போராட்டம் முடிந்த சில வாரங்களில் அந்த வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வந்தது.

1954-லேயே செக்கோஸ்லோவாகியாவில் கார்லோவி வாரி பட விழா இதற்கு உயர்ந்த பரிசு அளித்தது. அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்த பின், 1960-களிலும் 70-களிலும் சங்க மண்டபங்களிலும் கல்லூரிகளிலும் பெண்கள் கூட்டங்களிலும் சிறிய புரொஜக்டர் வைத்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமலே பரவிற்று. 1992-ல், தேசம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அமெரிக்க சர்க்காரின் நூலகமே இதைச் சேர்த்தது!

வசனம் இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் இருக்கும். ஒரு தோழர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். திரை கட்டியாகிவிட்டது. சகோதரிகள் ஏன் பின்னால் சுவரோரம் நிற்கிறீர்கள்? ஆண் தோழர்கள் எழுந்து இடம் விடுங்கள். அவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும்.