வாடையும் நம் இல்லத்து முதியோரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்குக் குளிரைப் பற்றி என்ன கவலை என்று சிலர் எண்ணக்கூடும். 1962ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இந்நகரின் சாந்தாகுரூஸில் வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. கடலோர ஊர் என்பதற்காகக் குளிர் நமக்குச் சலுகை காட்டுவதில்லை.

வெப்பமானி காற்றின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். நம் உடலை ஒட்டி மெல்லியதொரு வெப்பப் போர்வை இருக்கிறது. வீசுகின்ற காற்று அதைக் களைந்துவிடுகிறது. மேற்சொன்ன 7.4 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலுக்கு அது ஏறக்குறைய 3 டிகிரியாகத் தோன்றும். ஓடும் ரயிலின் திறந்த வாசலில் நிற்பவருக்கோ கடுமை இன்னும் மிகும். ஈர ஆடை வெப்பத்தை மேலும் விரைவாக உறிஞ்சும். ஆகவே தை மாதத்தில் பெற்றோரைப் பிரயாகைக்கு அழைத்துச் செல்வோர், நீராடியவுடன் அவர்களுக்கு உலர்ந்த ஆடை உடுத்தித் தலையையும் காதையும் மூடுதல் வேண்டும்.

இளைஞனின் உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். முதியவருக்கு அந்த நடுக்கம் குறைவு. பச்சிளங்குழந்தைக்கோ அறவே இல்லை என்னலாம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், அறிவு மயங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழாதீர்கள். ஆபத்து முற்றியதன் அடையாளம் அது. உலர்ந்த கம்பளியால் போர்த்தி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். மதுவும் கொடுக்க வேண்டாம். அடைத்த அறையில் குமுட்டி அடுப்பு மூட்டுவதும் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு, மணமின்றி வந்து உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

அன்பர்களே! ஓரறைக் குடியிருப்பில் இடம் போதாமையால், ஊரிலிருந்து வந்த தந்தைக்குத் தாழ்வாரத்தில் பாய் விரிக்கிறோம். "எனக்கு ஒன்றும் இல்லையப்பா" என்று அவரும் சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லை நம்பி நாம் உறங்கிவிடலாகாது. காற்றுப் படாத மூலை முதியவருக்கும் குழந்தைக்கும் உரியது. வாசலோரம் வலுவுள்ளவருக்கு உரியது. இதற்குப் பணம் வேண்டியதில்லை; மனம் ஒன்றே போதும்.

கூரையே இல்லாது நடைபாதையில் உறங்குவோரையும் நாம் மறக்கலாகாது. மார்கழி பிறக்கும் முன்னர், வீட்டுக்கொரு கம்பளியேனும் நம் சங்கத்தின் வாயிலாக அவர்களுக்குச் சென்று சேரட்டும் என்று வேண்டி அமர்கிறேன்.