ஓல்னியில் இரண்டு நண்பர்கள்



மனிதனுடைய சுபாவம் அவன் உறவுகளையும் மனநலத்தையும் என்ன செய்கிறது, கிறிஸ்தவர்கள் அதை எப்படிப் பார்க்கவேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பிறவியில் கொண்டுவந்த சுபாவத்தை அவருடைய விசுவாசத்துக்கு அளவுகோலாக வைக்கும் பழக்கம் நம் சபைகளில் வேரோடியிருக்கிறது. அது பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. சில உயிர்களையும் வாங்கியிருக்கிறது.

ஜெபக்கூட்டத்தில் கணீரென்று ஜெபிக்கிறவரை, எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவரை, ஆவிக்குரியவர் என்கிறோம். ஆராதனை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவருக்குத் தலைக்கனம் என்கிறோம். விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்து, பக்கத்தில் பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுகிற பெண்ணுக்கு விசுவாசம் போதவில்லை என்கிறோம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வீட்டையே நடுங்கவைக்கிற தகப்பனுக்கு மட்டும், அவருக்குப் பக்திவைராக்கியம் அதிகம் என்று பெயர் வைக்கிறோம். இந்த நான்கு தீர்ப்பும் பொய்த் தீர்ப்பு.

உளவியலார் சுபாவத்தை ஐந்து கூறுகளாகப் பார்க்கிறார்கள். புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் காணும் இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. எளிதில் கலங்குகிறவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். அவர்களுடைய மணவாழ்க்கையில் உரசலும் கூடுதல். பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவு போதும். ஒரு மனிதனின் கதையை எடுத்துக்கொள்வோம்.

வில்லியம் கூப்பர், ஆங்கிலக் கவிஞர். 1731-ல் ஒரு போதகரின் வீட்டில் பிறந்தார். ஆறு வயதில் தாய் போய்விட்டாள். பள்ளியில் பெரிய பையன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானார். கூச்சம் அவரோடு கூடவே வளர்ந்தது. 1763-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் எழுத்தர் வேலை ஒன்று கைக்கு எட்டியது. அதற்குச் சபையின் முன்னே போய் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். வேறொருவருக்கு அது அரைமணி நேர வேலை. பலர் முன்னே நிற்கவேண்டும் என்ற நினைப்பே கூப்பரை நிலைகுலைத்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். குடும்பத்தார் அவரை செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். காட்டன் நல்ல வைத்தியர், பக்தியுள்ளவர். அங்கேதான் 1764-ல், வேதத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, கூப்பர் கிறிஸ்துவைக் கண்டுகொண்டார். மருத்துவரிடம் போனால் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயப்படுகிற சகோதரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த மனிதருக்கு இரட்சிப்பு ஒரு மனநோய் விடுதியின் அறைக்குள் வந்தது.

மனந்திரும்பியபின் அவருடைய சுபாவம் மாறிவிட்டதா? மாறவில்லை. 1767-ல் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிவந்தார். அங்கே போதகராக இருந்தவர் ஜான் நியூட்டன். முன்னாள் மாலுமி, அடிமைக் கப்பல் ஓட்டியவர். ஒருவர் புயலில் வளர்ந்தவர். மற்றவர் கதவு பலமாகச் சாத்தினாலே திடுக்கிடுகிறவர். இவர்களுக்குள் எப்படி ஒத்துப்போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே வேறொருவருடைய நிலம் இருந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் வழியே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர, ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது ஒரு பொற்காசு, வாடகை கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குக் கினி வயல் என்றே பெயர் வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள். சேர்ந்து பாட்டுகள் எழுதினார்கள். 1779-ல் வந்த ஓல்னி பாட்டுப் புத்தகம் அந்த நட்பின் விளைவு.

1773 புத்தாண்டு. உலகமே அறிந்த 'அமேசிங் கிரேஸ்' பாட்டை நியூட்டன் அந்த நாளின் பிரசங்கத்துக்காக எழுதினார் என்கிறார்கள். அந்த நாளையொட்டியே கூப்பருக்கு இரண்டாம் முறையாக நோய் கண்டது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தனக்கு மட்டும் மன்னிப்பு இல்லை என்ற எண்ணம் நெஞ்சில் ஆழமாகத் தைத்துவிட்டது. ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏப்ரலில் ஊரில் சந்தை கூடியபோது இரைச்சல் தாங்காமல் நியூட்டன் வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போக மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். நியூட்டன் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. ஆலயத்துக்கு வராதவர் என்று ஒதுக்கவும் இல்லை. அந்தப் போதகர் மனையில் கிருபை எப்படி இருந்தது என்று கேட்டால், இன்னொரு தட்டு, இன்னொரு படுக்கை, பகலெல்லாம் ஒரு துணை என்றுதான் நான் சொல்வேன்.

நோய் சற்றே தணிந்தபின், அண்டைவீட்டார் ஒரு முயல்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலும் சில வந்துசேர, கூப்பர் மூன்று முயல்களை வளர்த்தார். பஸ், டைனி, பெஸ் என்று பெயர். மூன்றும் மூன்று சுபாவம் என்று அவரே பின்னால் ஒரு பத்திரிகையில் எழுதினார். பஸ் மடியில் வந்து படுக்கும். டைனியைக் கடைசிவரை தொட முடியாது. காலால் அடிக்கும், கடிக்கும். டைனியையும் ஒன்பது ஆண்டு அன்பாகவே வளர்த்தார். முயலிடம் அவர் காட்டிய பொறுமையில் பாதியையாவது நம் மருமகளிடமும், பேசாத மகனிடமும், கோபக்கார மாமனாரிடமும் காட்டியிருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

நியூட்டனைத் தெய்வப்பிறவியாக்க நான் வரவில்லை. அவர் 1780-ல் இலண்டனுக்குப் போனார். 1786-ல், பக்கத்திலிருந்த கத்தோலிக்கப் பிரபு வீட்டாரோடு கூப்பர் பழகுவதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். நீண்ட காலத்துக்குப்பின் கூப்பருக்குக் கிடைத்த கலகலப்பான அண்டைவீட்டார் அவர்கள். அந்தக் கடிதம் அவரை மிகவும் புண்படுத்தியது. கட்டளையிட்டுப் பழகிய கப்பல் தலைவனின் சுபாவம் போதகரின் அங்கிக்குள்ளும் விழித்துத்தான் இருந்தது. ஆனாலும் நட்பு முறியவில்லை. 1800-ல் கூப்பர் இறக்கும்வரை அது நீடித்தது. நியூட்டனின் கண்டிப்பான உபதேசம்தான் அவரைப் பைத்தியமாக்கியது என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. முதல் நோய் வந்தபோது கூப்பர் நியூட்டனைச் சந்தித்திருக்கவே இல்லை.

வேதமும் சுபாவங்களை மறைக்கிற புத்தகம் இல்லை. பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்கு என்னும் யோவானைக் குறித்து சண்டை வந்தது. நடுவழியில் விட்டுப்போன பையன் வேண்டாம் என்றார் பவுல். இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம் என்றார் பர்னபா. இரண்டு அப்போஸ்தலர்களும் பிரிந்தே போனார்கள். அதே பவுல் பிற்காலத்தில், சிறையில் இருந்துகொண்டு, மாற்கு தனக்கு உதவியானவன், கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார். எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வென்றவர், பிறகு ஒரு பெண்ணின் மிரட்டலுக்கு ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். உடனே வந்தது கண்டிப்பா? தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். கேள்வி பிறகுதான் வந்தது. பிற்பாடு எலிசா என்ற துணையும் வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சுபாவம் இப்படித்தான் என்பது அடிக்கிற கைக்குச் சாக்கு ஆகாது. கலங்குகிற சுபாவம் கலங்குகிறவரையே வதைக்கிறது. சீறுகிற சுபாவம் பக்கத்தில் இருப்பவரை வதைக்கிறது. முதலாமவருக்குத் துணை வேண்டும். இரண்டாமவருக்குத் துணையோடு தடுப்பும் வேண்டும். அடிவாங்கும் பெண்ணிடம் பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மூப்பர், அந்த அடியில் பங்காளியாகிறார்.

கலங்குகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் சேர்த்துத் துணை நிற்க நம் மண்ணிலேயே வழி காட்டியிருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ல் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியில் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியை வாசலில் விட்டுவிட்டுப் போக அங்கே வழியில்லை. வீட்டாரில் ஒருவர் கூடவே தங்கவேண்டும். மாமியாரோ, கணவனோ, அண்ணனோ, கூடத் தங்கி, சமைத்து, மருத்துவர் சொல்வதைக் கேட்டு, இது பிசாசும் இல்லை, திமிரும் இல்லை என்று கண்ணால் கண்டு தெரிந்துகொள்கிறார்கள். தேசிய மனநல ஆய்வு 2015–16-ல், நாட்டில் வயதுவந்தோரில் பத்துப் பேரில் ஒருவருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்ததாகக் கண்டது. முந்நூறு பேர் உட்காரும் ஆலயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போதகர்மாரிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிக்கிறீர்கள். அந்த மூன்று வாரத்துக்குள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு மாலை உட்காரவைத்து, கோபம் வந்தால் நீ என்ன செய்வாய், கவலை வந்தால் நீ யாரிடம் சொல்வாய் என்று ஒருவரையொருவர் கேட்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குகிறவர் தைரியமாகச் சாட்சி சொல்ல உங்கள் பீடத்தில் இடம் கொடுங்கள். ஆலய அறிவிப்புப் பலகையில், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். ஆராதனைக்கு வருவதை யாராவது நிறுத்திவிட்டால், ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போகாமல், சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வாரமே போங்கள்.